கே.பி. சுந்தராம்பாள்: ஔவைக்கு முன்னால் ஒரு வள்ளி

கேள்வி இது: "கே.பி. சுந்தராம்பாளை 'திருவிளையாடல்' படத்து ஔவையாராகத்தான் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். அவர் எப்போதுமே கிழவி வேடம்தான் போட்டாரா? அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு குறைவான படங்களில் நடித்தார்?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். 1933 டிசம்பரில் நடந்த ஒரு சாவு. அதை மட்டும் சொல்லி முடித்தால் பாதிதான் புரியும், அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

பெயரின் முதலெழுத்துகளைப் பிரித்தாலே அவருடைய சிறுவயது தெரிந்துவிடும். 'கே' என்பது கொடுமுடி, காவிரிக்கரையில் இருக்கிற ஊர். 'பி' என்பது பாலாம்பாள், அம்மாவின் பெயர். அப்பாவின் பெயருக்கு அதில் இடமே இல்லை. 1908இல் பிறந்தார். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்றுதான் அவரைப் பற்றிய எல்லாக் கதைகளும் தொடங்குகின்றன. ரயில்வே அதிகாரியும் நாடக நடிகருமான எஃப்.ஜி. நடேச அய்யர் அந்தக் குரலைக் கேட்டு அவரை வேலு நாயர் நாடக கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. வேறு ஆள், வேறு ஊர் என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை: முதலில் குரலைத்தான் கேட்டார்கள், பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள்.

மேடையில் அவருக்குக் கிடைத்த முதல் பெயர் 'நல்லதங்காள்' நாடகத்தில். நல்லதங்காளின் மூத்த பிள்ளையாக, ஆண்பிள்ளை வேடத்தில், பசிக்கிறது என்று அழுது பாடுகிற இடம் அவருக்கு. அந்தப் பாட்டுக்கு அவருக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான பகுதி. சினிமா வழியாக அவரைத் தெரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அவரை உருவாக்கியது 'ஸ்பெஷல் நாடகம்'. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாய்ஸ் கம்பெனி என்றால் ஒரே குழு, ஒரே வாத்தியார், மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் அதெல்லாம் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன் வேடக்காரர்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடக்காரர்) ஓர் ஊர், பபூன் (கோமாளி) ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அன்று ராத்திரி அரிதாரம் பூசும்போதுதான் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அந்த நம்பிக்கையில்தான் திரை விலகும்.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவாள். வேடன் வேஷத்தில் முருகன் வருவான். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடக்கிற வாக்குவாதம்தான் நாடகமே. 'தர்க்கம்' என்பார்கள். அவன் ஒரு பாட்டை எடுத்து ஒரு சுருதியில் நிறுத்துவான், இவள் அதே இடத்திலிருந்து பிடித்து மேலே போக வேண்டும். அவன் கேட்கிற கேள்விக்கு எழுதிய வசனத்தில் பதில் இல்லையென்றால் அந்த நிமிஷத்தில் உண்டாக்க வேண்டும். தடுமாறினால் எதிரே இருப்பவன் கை கொடுக்க மாட்டான், கூட்டமும் விடாது. பிடித்துப்போனால் 'ஒன்ஸ்மோர்' சத்தம், நடந்துகொண்டிருக்கிற கதையை நிறுத்திவிட்டு அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டும். சுந்தராம்பாள் தொழில் பழகிய நாட்களில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காது வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் போக வேண்டும், விடியும் வரைக்கும் போக வேண்டும். அவர் ஐந்து கட்டையில், அதாவது மிக உயர்ந்த சுருதியில், பாடுவார் என்று பெருமையாகச் சொல்வார்களே, அதை வெறும் வரம் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொழில் அதைக் கேட்டு வாங்கியது.

அந்தக் காலத்து நாடகக்காரர்களுக்கு இலங்கை பெரிய சந்தை. 1926இல் கொழும்பில் சுந்தராம்பாளுக்கு எதிரே ராஜபார்ட்டாக வந்து நின்றவர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டைக்காரர், அப்போது வயது இருபது. ஏற்கெனவே பெரிய பெயர். அவரோடு பாடினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்கள் இருந்தார்களாம். அவரோ ஒப்புக்கொண்டு மேடையேறினார். இரண்டு பேரும் சேர்ந்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. 1927இல் மாயவரத்தில் கல்யாணம். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே மனைவி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை மறைத்துவிட்டுக் காவியக் காதலாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜோடியாக அவர்கள் மேடையில் நின்றது சில வருஷங்கள்தான். மனக்கசப்பு வந்தது, பிரிந்து இருந்தார்கள். சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்திருக்கின்றன. மேடையில் எந்த ராஜபார்ட்டுக்கும் விட்டுக்கொடுக்காத பெண், அந்தக் கடிதங்களில் கெஞ்சுகிறார், கோபப்படுகிறார், உடனே இறங்கி வருகிறார். படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது, உடம்பு கெட்டது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்துபோனார். அவருக்கு இருபத்தேழு வயது, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, நெற்றியில் விபூதி, நகை கிடையாது. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசி வரை அதை மீறவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு அவருடைய படப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் சட்டென்று விளங்கிவிடும். முதல் படம் 'பக்த நந்தனார்', 1935. தயாரித்தவர் அசன்தாஸ். நடிக்க மனமில்லாத சுந்தராம்பாள், ஆளை விரட்டுவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் சரியென்று சொல்லிவிட்டதால் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். கதை எப்படியோ, தொகை ஒரு லட்சம்தான். அன்றைக்குப் பவுன் முப்பது ரூபாய்க்கும் கீழே. கணக்குப் போட்டால் மூவாயிரம் பவுனைத் தாண்டும். இந்தியாவில் ஒரு நடிகருக்கோ நடிகைக்கோ அதுவரை அப்படி ஒரு சம்பளம் கிடைத்ததில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பணத்துக்கு அவர் போட்டது என்ன வேடம்? நந்தனார். ஆண் வேடம்! நாயகிக்குத்தானே நாயகன் வேண்டும், நாயகனே நான்தான் என்றால் ஜோடி என்ற பேச்சு எங்கே வரும்? மேடையில் சிறுவயது முதல் ஆண் வேடம் போட்டுப் பழகியவருக்கு அது ஒன்றும் புதிதும் இல்லை. வேதியர் வேடத்தில் நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர், கச்சேரி மேடையின் சிங்கம். பாட்டுக்குக் குறைவில்லை. நடிப்பு என்ற வகையில் படத்தை அன்றைய விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை, கல்கி கேலியே செய்தார்.

இரண்டாவது படம் 'மணிமேகலை', 1940. அரசகுமாரன் துரத்தி வர, துறவை விட்டு நகராத பெண். மூன்றாவது 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. நான்காவது 1964இல் 'பூம்புகார்', அதில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. இருபத்தொன்பது வருஷத்தில் நாலே படங்கள். நடுவில் பதிமூன்று வருஷ இடைவெளி ஒன்று, பதினோரு வருஷ இடைவெளி ஒன்று. புருஷன் பக்கத்தில் நிற்காத, காதல் காட்சி இல்லாத, ஆனால் கதையைத் தாங்கி நிற்கிற பெண் வேடம் தமிழ் சினிமாவில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்? அவர் சம்மதிக்கும்படியான வேடம் பிறக்க வருஷக்கணக்கில் ஆனது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். இசைத்தட்டு, கச்சேரி, கோயில் திருவிழா, அதோடு காங்கிரஸ் மேடை. தேசியப் பாட்டு அவர் தொண்டையில் கிட்டப்பா காலத்திலிருந்தே உண்டு. மோதிலால் நேரு இறந்தபோது இரங்கல் பாட்டு இசைத்தட்டாக வந்தது. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கூட்டங்களுக்கு அவரை அழைத்துக்கொண்டு போவார். பேச்சாளர் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சேர்க்க ஒரு பாட்டு, கலைந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு பாட்டு. மைக் சரியாக இல்லாத மைதானத்தில் அந்தக் குரல் என்ன வேலை செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்து தங்கத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் நிதிக்குக் கொடுத்துவிடு என்று கேட்டு வாங்கிப் போனார் என்ற கதை ரொம்பப் பிரபலம். 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றப் படியேறியவர்களின் வரிசையைத் தமிழ்நாட்டில் எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், இந்த வெள்ளைப் புடவையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எம்.ஜி.ஆர். மேலவைக்குப் போனது அதற்குப் பத்து வருஷங்களுக்கும் மேல் கழித்து.

'ஔவையார்' படத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ். வாசன் பணத்தைக் கொட்டி வருஷக்கணக்கில் எடுத்த படம், இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. யானைப் படை வந்து கோட்டையை இடிக்கிற காட்சிக்காக இன்றும் பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முன்பகுதியில் வருவது. கல்யாணம் பேசுகிறார்கள். இளம்பெண்ணான ஔவை பிள்ளையார் முன்னால் நின்று, இந்த இளமையை எடுத்துக்கொள், என்னைக் கிழவியாக்கிவிடு என்று கேட்கிறாள். கேட்டபடியே ஆகிறது. இளம் ஔவையாக வேறொருவர் நடித்திருப்பார், உரு மாறிய பிறகு வருபவர் சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான். இருபது வருஷங்களுக்கு முன்பே அந்த வரத்தை அவர் தானாகவே வாங்கிக்கொண்டுவிட்டார் என்பது படம் பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒப்பனை செய்ய வேண்டியது நரைக்கு மட்டும்தான்.

இருபது வருஷம் கழித்து 1973இல் 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் இதேதான். இளமை உருவத்தில் லட்சுமி. உடம்பின் அழகை உதிர்த்துவிட்டுப் பேயுரு வேண்டும் என்று சிவனிடம் கேட்டு வாங்கிய பிறகு சுந்தராம்பாள். 'தகதகதகவென ஆடவா' என்று அவர் பாடும்போது வயது அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது, குரல் அப்படிக் காட்டாது. நம் பழங்கதைகளில் இளமையைத் திருப்பிக் கொடுத்த பெண்கள் இரண்டு பேர் என்றால், இரண்டு பேருக்கும் சினிமாவில் இவர்தான் முகம்.

'பூம்புகார்' பற்றி ஒரு சின்ன விஷயம். கவுந்தியடிகள் சமணத் துறவி, விபூதி பூச முடியாது. முருக பக்தையான சுந்தராம்பாளோ விபூதி இல்லாமல் நடிக்கத் தயங்கினார். கதை வசனம் எழுதிய மு. கருணாநிதி பேசிச் சம்மதிக்க வைத்தார். பாட்டில் ஒரு வரி, தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்பதாக வந்ததாம், அதைப் பாட மாட்டேன் என்று மாற்ற வைத்தார் என்றும் சொல்வார்கள். எழுதியவர் நாத்திகர், பாடியவர் ஆத்திகர், இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் பிறந்த பாட்டுகள் அவை. கருணாநிதி எழுதிய 'வாழ்க்கை என்னும் ஓடம்' அப்படி வந்ததுதான். அதைக் கேட்டுவிட்டு, யார் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.

அவருக்கு நடிக்க வராது, பாட மட்டும்தான் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் நியாயமிருக்கிறது. கேமரா பக்கத்தில் வந்தால் முகத்தில் அதிகம் அசைவு இருக்காது. கை பெரிதாக எழும், பார்வை எதிரே நிற்பவரைத் தாண்டி எங்கோ தூரத்துக்குப் போகும். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய கண் அது, மூன்றடி தூரத்து லென்ஸுக்கு இறங்கி வரவில்லை. ஆனால் வசனத்தில் அவர் ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டார். 'பூம்புகார்' படத்தில் அவர் பேசுகிற இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், நான் சொல்வது தெரியும்.

'திருவிளையாடல்' 1965இல் வந்தது. அதன் பிறகு அவருக்கு இரண்டாவது சினிமா வாழ்க்கையே தொடங்கியது. இயக்குநர் ஏ.பி. நாகராஜன் தானே நாடக மேடையிலிருந்து வந்தவர், இந்தக் குரலை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய்விட்ட முருகனைச் சமாதானப்படுத்த ஔவை வருகிறாள். முதலில் தாளமே இல்லாமல் 'ஞானப்பழத்தைப் பிழிந்து' என்று ஒரு விருத்தம். அது சங்கரதாஸ் சுவாமிகளுடையது. அதாவது, சுந்தராம்பாள் சின்ன வயதில் பழகிய அதே நாடகச் சொத்து, நாற்பது வருஷம் கழித்து ஈஸ்ட்மென் கலரில் வந்து நிற்கிறது. சொல்லின் கடைசி எழுத்தை அவர் இழுப்பதைக் கவனியுங்கள். நடுக்கமே இல்லாமல் நேராக ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, அங்கிருந்துதான் பிருகா, அதாவது வேகமாக உருளும் சுரங்கள், உதிரும். பிறகு 'பழம் நீயப்பா' என்று தாளத்துக்குள் இறங்குவார். அந்த 'ழ'வை எத்தனை பாடகர்களிடம் இப்படி முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள்? திரையில் முருகன் சின்னப் பையன். அவனை ஒரு பாட்டி கொஞ்சுகிறாள், ஆனால் அந்தக் கொஞ்சலில் ஒரு அதட்டல் இருக்கிறது. வள்ளியாக நின்று வேடனோடு தர்க்கம் செய்தவர் இப்போது பாட்டியாக நின்று அதே முருகனோடு தர்க்கம் செய்கிறார்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் 'மகாகவி காளிதாஸ்', அதில் 'சென்று வா மகனே சென்று வா'. 1967இல் 'கந்தன் கருணை', அரியது எது, கொடியது எது என்று முருகன் கேட்க ஔவை பதில் சொல்கிற பாட்டு அதில்தான். 1969இல் சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்'. அந்தப் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அந்த விருதை முதல் தடவை வாங்கியவர் பி. சுசீலா, இரண்டாவது இவர். 1970இல் பத்மஸ்ரீ. பின்னணிப் பாடகி என்ற விருதுப் பெயரைத்தான் நான் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்ப்பேன். திரைக்குப் பின்னால் நின்று இன்னொருத்திக்குக் குரல் கொடுக்கிற தொழில் அவருடையது இல்லையே! தன் வாய் அசைய, தன் பாட்டைத் தானே பாடி நடித்த பழைய தலைமுறையின் கடைசிப் பெரிய ஆள் அவர்.

1980இல் காலமானார். மொத்தப் படங்கள் ஒரு டஜன் சொச்சம்.

கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் படத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் கிட்டப்பாவின் 'கோடையிலே இளைப்பாற்றி' இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள், மூன்று நிமிஷம்தான். தட்டு கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் மேலே ஏறி நிற்கிற இடத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, உடனே 'ஞானப்பழத்தைப் பிழிந்து' விருத்தத்தைப் போடுங்கள். அவன் விட்ட இடத்திலிருந்து இவள் எடுக்கிற மாதிரி இருக்கும்.